பேழையருகே நின்ற தமக்கை

விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தை நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். நைல் ஆற்றங்கரை நாணலிடையே ஒரு பேழை. அதற்குள் மூன்று மாதக் குழந்தை. நீராட வந்த பார்வோன் மகள் அதன் அழுகையைக் கேட்டு இரங்குகிறாள். அது தன் குலத்துக் குழந்தை அன்று, தன் தந்தையின் ஆணைப்படி மடிய வேண்டிய எபிரேயக் குழந்தை என்பதை அறிந்தே அதனை எடுத்துக்கொள்கிறாள். இன எல்லையைக் கடந்த தத்தெடுப்பு ஒன்றை மறைநூல் நமக்குக் காட்டும் இடம் இது.

அக்காட்சியில் நம் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுகிற ஒருத்தி இருக்கிறாள். சற்றுத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தமக்கை அவள். பாலூட்ட ஒருத்தியை அழைத்து வரட்டுமா என்று அச்சிறுமி கேட்கிறாள். இசைவு கிடைக்கிறது. அழைத்து வரப்படுகிறவள் குழந்தையைப் பெற்ற தாயே. அரண்மனைக்கும் அடிமைகளின் குடிசைக்கும் இடையே அச்சிறுமி ஓடிய ஓட்டத்தினால்தான் பெற்றவள் கதையைவிட்டு வெளியேறாமல் நிற்கிறாள்.

அயல்நாட்டிலிருந்து குழந்தைகளைத் தத்தெடுத்தோரைப் பற்றிய நூல்கள் சிலவற்றை அண்மையில் தொடர்ந்து வாசித்தபோது, இந்தச் சிறுமியே நம் நினைவில் மீண்டும் மீண்டும் வந்து நின்றாள். மேலைநாட்டுக் கிறிஸ்தவ எழுத்தில் இவ்வகை நூல்கள் ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கின்றன. தனித்துத் தவித்த ஒரு தம்பதியர், தம்மைப் போன்றே காத்திருக்கும் பிற பெற்றோரிடையே தோழமையைக் கண்டதும், அத்தோழமையின் வழியாக இறைநம்பிக்கையில் ஊன்றி நின்றதும் இவற்றின் பொருள். நாம் ‘அன்பியம்’ என்று சொல்வோமே, அதற்கு நிகரான ஒன்று அவர்களிடையே உருவாகிறது. இந்நூல்களை நாம் மதிப்புடனேயே அணுகுகிறோம். எனினும் மதிப்பு வேறு, மதிப்பீடு வேறு. ஒரு நம்பிக்கைச் சான்று யாருடைய கண்ணீரைச் சொல்கிறது, யாருடைய கண்ணீரைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்பது திறனாய்வின் கடமை.

கிழக்கிலிருந்து வந்த வித்து

இக்கிளையின் வேர் என்று சொல்லத்தக்க நூல், பெர்த்தா ஹோல்ட் என்ற அமெரிக்கப் பெண்மணியின் ‘தி சீட் ஃப்ரம் தி ஈஸ்ட்’. 1956-ல் வெளிவந்தது. ஒரிகன் மாநிலத்தில் கிரெஸ்வெல் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஹாரி ஹோல்ட், பெர்த்தா இணையருக்கு ஏற்கெனவே ஆறு பிள்ளைகள். இருவரும் ஐம்பது வயதை எட்டியவர்கள். ஹாரி மாரடைப்பிலிருந்து மீண்டவர். கொரியப் போருக்குப் பின் அயல்நாட்டுப் படைவீரருக்கும் கொரியப் பெண்டிருக்கும் பிறந்து, யாராலும் ஏற்கப்படாமல் வாடிய குழந்தைகளைப் பற்றிய படக்காட்சி ஒன்றை 1954-ன் இறுதியில் அவர்கள் பார்க்கிறார்கள். எட்டுக் குழந்தைகளைக் கொண்டுவரத் துணிகிறார்கள். ஒரு குடும்பம் இருவரை மட்டுமே தத்தெடுக்கலாம் என்பது அன்றைய அமெரிக்க அகதிகள் சட்டம். அவர்களுக்கெனவே 1955-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் பன்னிரண்டு குழந்தைகளோடு ஹாரி தாயகம் திரும்பினார். அவர்களுள் எண்மர் அவருடைய பிள்ளைகளாயினர்.

நூலின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. கணவர் கடல் கடந்து அலைகிறார். மனைவி வீட்டிலிருந்து கடிதங்களுக்காகக் காத்திருக்கிறார். வாக்குவன்மை காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. படுக்கை, உடை, பால், மருத்துவச் சான்று என்று நாள்தோறும் எழும் கவலைகளுக்கு நடுவே செபம் இயல்பாக வந்து அமர்கிறது. செபத்தை வாழ்க்கையின் ஓர் ஓரத்தில் வைக்காத இந்த நடை, நம் இல்லத்து மூதாட்டியர் செபமாலையை உருட்டிக்கொண்டே அடுப்பைக் கவனிப்பதை நினைவூட்டுகிறது.

அடுத்து நிகழ்ந்ததுதான் தோழமையின் கதை. செய்தி பரவியதும், தமக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று நாடெங்கிலுமிருந்து குடும்பங்கள் ஹோல்ட் இல்லத்திற்கு எழுதத் தொடங்கின. சுற்றறிக்கைக் கடிதங்கள் போய் வந்தன. முன்பின் அறியாத குடும்பங்கள் விமான நிலையத்தில் ஒன்றுகூடி, தாம் கண்டிராத குழந்தைகளுக்காகக் காத்து நின்றன. மற்றொருவரின் கையில் குழந்தை வந்து சேர்ந்தபோது தம் கையில் வந்ததுபோல் மகிழ்ந்தன. குழந்தை இல்லாத வீட்டின் அமைதியை அறிந்தோர்க்கு இத்தோழமையின் விலை தெரியும். உறவினரின் ஆறுதல் சில வேளைகளில் முள்ளாகக் குத்தும். அதே காயம் உடையவரின் மௌனமோ மருந்தாகும்.

இவ்வகை நூல்களின் வடிவத்தை வகுத்ததும் இந்நூலே. முதலில் அழைப்பு, பின் தடைகள், தடைகளினிடையே இறைவன் தரும் அடையாளம், இறுதியில் விமான நிலையத்தில் வருகை. பிற்காலத்து நூல்கள் பெரும்பாலும் இந்தத் தடத்திலேயே நடக்கின்றன. தடம் பழகிப்போனால், அதற்கு வெளியே நிற்போர் கண்ணில் படுவதில்லை.

நூலின் தலைப்புக்குக் காரணமான நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். கொரியாவுக்குப் போகும் வழியில் டோக்கியோ விடுதியில் ஐயத்தால் அலைக்கழிந்த ஹாரி, மறைநூலைக் கண்போன போக்கில் திறக்கிறார். எசாயாவின் 43-ஆம் அதிகாரத்தில், கிழக்கிலிருந்து வழிமரபினரைக் கொண்டுவருவதாக ஆண்டவர் வாக்களிக்கும் இடத்தில் அவர் விரல் நிற்கிறது. தமக்கே உரைக்கப்பட்டதாக அதனை ஏற்கிறார். அவருடைய நம்பிக்கையை நாம் எள்ளவில்லை. ஆயினும் அந்த இறைவாக்கு யாரிடம் உரைக்கப்பட்டது? நாடு கடத்தப்பட்டுச் சிதறிக் கிடந்த மக்களிடம். அவர்களுடைய பிள்ளைகள் எத்திசையில் இருந்தாலும் சொந்த வீட்டுக்கு மீட்டுக் கொணரப்படுவர் என்பதே அதன் பொருள். பிறந்த மண்ணிலிருந்து பிள்ளை புறப்பட்டுப் போவதற்கான வாக்கு அன்று அது. திரும்பி வருவதற்கான வாக்கு. ஒரே வசனத்தை வளர்ப்புத் தந்தை வாசிக்கும்போது விமானம் மேற்கு நோக்கிப் பறக்கிறது. கொரியாவில் விடப்பட்ட தாய் வாசித்தால் அதே விமானம் எதிர்த்திசையில் அல்லவா திரும்ப வேண்டும்?

இத்தாயர்க்கு நூலின் நடுவில் இடம் இல்லை. அவர்களுள் பலர் உயிரோடு இருந்தவர்கள். வறுமையும் ஊராரின் இகழ்ச்சியும் துரத்த, குழந்தையைக் கைவிட நேர்ந்தவர்கள். நூலோ குழந்தைகளை அனாதைகள் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. அந்த ஒரு சொல் பின்னாளில் என்னென்ன செய்தது என்பது இன்று வெளிப்பட்டிருக்கிறது. போருக்குப் பின் கொரியாவிலிருந்து ஏறக்குறைய இரண்டு இலட்சம் குழந்தைகள் அயல்நாடு சென்றனர். பெற்றோர் உள்ள குழந்தைகளும் ஆதரவற்றோர் எனப் பதியப்பட்டதையும், குழந்தைகளின் அடையாளங்கள் மாற்றப்பட்டதையும், பெற்றோர் இசைவு முறையாகப் பெறப்படாததையும் அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் அறிவித்தது. 1956-ல் நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு தாயின்மீது இத்தனை பழியையும் சுமத்துவது நீதியாகாது. ஆனால் தன்னலமற்ற ஒரு நூல்கூடத் தன் வடிவத்தினாலேயே பிறரை மறைத்துவிட முடியும் என்பதை நாம் கற்றுக்கொள்ளலாம்.

சுவரில் தொங்கிய நிலப்படம்

சரூ பிரையர்லியின் ‘எ லாங் வே ஹோம்’ 2013-ல் வந்தது. ‘லயன்’ என்ற பெயரில் 2016-ல் திரைப்படமாயிற்று. மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன், 1986-ல் புர்ஹான்பூர் இரயில் நிலையத்தில் அண்ணனைத் தவறவிட்டு, ஹௌராவரை அடித்துச் செல்லப்படுகிறான். கல்கத்தாத் தெருக்களில் அலைந்து, ஓர் இல்லத்தில் சேர்க்கப்பட்டு, 1987-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக்குப் பிள்ளையாகச் செல்கிறான். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், கணினியில் வான்வழிப் படங்களைத் தேடித் தன் ஊரைக் கண்டுபிடித்து, 2012-ல் தாயின் முன் போய் நிற்கிறான்.

இந்நூலில் சமயச் சொற்கள் குறைவு. எனினும், நம் நோக்கில் ஹோல்ட் அம்மையாரின் நூலைவிட இது ஒரு படி ஆழமானது. வளர்ப்புத் தாய் சூ, சிறுவனின் அறையில் இந்திய நிலப்படத்தைத் தொங்கவிட்டார் என்று சரூ எழுதுகிறார். பிள்ளை தன்னை முழுவதும் மறந்து தன்னுடையவனாகவே ஆகிவிட வேண்டும் என்று விரும்பும் தாய் இதைச் செய்யமாட்டார். ஒவ்வொரு காலையும் பிள்ளை கண்விழிக்கும்போது, அவனை ஒருநாள் தன்னிடமிருந்து அழைத்துச் செல்லக்கூடிய நாட்டை அவன் கண்முன் வைத்திருக்கிறார். விடுதலைப் பயண நூலின் தமக்கை செய்த வேலையை இங்கே ஒரு நிலப்படம் செய்கிறது.

தோழமையும் இந்நூலில் வேறு விதமாக அமைகிறது. அதே இல்லத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்த வேறு குழந்தைகளின் குடும்பங்களோடு பிரையர்லி குடும்பம் உறவு பேணியது. பெற்றோர் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ள மட்டும் அது பயன்படவில்லை. ஒரே மண்ணிலிருந்து பிரிந்து வந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தில் மற்றவர் தம் முகத்தைக் காண அது வாய்ப்பளித்தது. பெற்றோரின் ஆறுதலுக்காகத் தொடங்கும் கூட்டம், பிள்ளைகளின் நினைவுக்கு அடைக்கலம் கொடுக்கும்போதுதான் நிறைவடைகிறது.

இன்னொரு நேர்மையும் குறிப்பிடத்தக்கது. இரண்டாவதாகத் தத்தெடுக்கப்பட்ட தம்பி, காத்திருந்த காலத்தில் கொடுமைகளுக்கு உள்ளாகி, ஆறாத காயங்களோடு வந்து சேர்ந்தவர். அவ்வீட்டில் எல்லாம் இனிதாக முடிந்துவிட்டது என்று சரூ சொல்லவில்லை. அன்பு செலுத்தினால் போதும், காயம் தானே ஆறிவிடும் என்ற மலிவான ஆறுதலை நூல் மறுக்கிறது. வருகையை முடிவாகக் கொள்ளும் சான்றுரைகளில் நாம் காணாத உண்மை இது. குழந்தை விமானத்திலிருந்து இறங்கும் இடத்தில் பெற்றோரின் காத்திருப்பு முடிகிறது. குழந்தையின் துயரமோ பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, நம்பிக்கை என்பது தத்தெடுத்தோரின் தனிச்சொத்து அன்று என்பதை இந்நூல் காட்டுகிறது. மகன் காணாமற்போன பின்னும், அவன் என்றாவது திரும்பி வந்தால் தன்னைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று, பெற்ற தாய் அதே பகுதியைவிட்டு அகலாமல் இருந்தார். கட்டட வேலையில் கல் சுமந்த அந்த ஏழைப் பெண்ணின் காத்திருப்பில் எந்த விவிலியக் கூட்டமும் துணைக்கு இல்லை. எந்த விமான நிலையத்திலும் யாரும் அவருக்காக மலர்க்கொத்து ஏந்தி நிற்கவில்லை. தம் மகனை எதிர்நோக்கித் தொலைவில் வரும்போதே கண்டுகொண்ட தந்தையை லூக்கா நற்செய்தியில் போற்றும் நாம், இப்பெண்ணை எவ்வாறு போற்றாதிருப்போம்? படத்தின் இறுதியில் இரு தாயரும் சந்திக்கும் உண்மைக் காட்சி சில நொடிகள் வருகிறது. நடிகர்கள் நடித்த இரண்டு மணி நேரத்தைவிட அந்தச் சில நொடிகளே நம் நெஞ்சில் நிற்கின்றன.

நம் வீட்டுக் கதை

இதுவரை பிறர் வீட்டைப் பற்றிப் பேசினோம். இனி நம் வீட்டைப் பற்றிப் பேசுவோம். மார்ட்டின் சிக்ஸ்ஸ்மித்தின் ‘தி லாஸ்ட் சைல்ட் ஆஃப் ஃபிலோமினா லீ’ 2009-ல் வெளியாகி, 2013-ல் ‘ஃபிலோமினா’ என்ற திரைப்படமாயிற்று. அயர்லாந்தின் ரோஸ்க்ரேயில், கன்னியர் நடத்திய இல்லத்தில், 1952-ல் திருமணமாகாத இளம்பெண் ஒருத்தி மகனைப் பெற்றாள். 1955-ல் அவன் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டான். தாய்க்கு அப்போது இருபத்திரண்டு வயது. இனி மகனைத் தேடமாட்டேன் என்னும் ஆவணத்தில் கையெழுத்திட்டிருந்தாள். மகனும் வளர்ந்தபின் தாயைத் தேடி அவ்வில்லத்திற்கு வந்தார், வழி காட்டப்படவில்லை. 1995-ல் அவர் மறைந்தபோது, தாம் பிறந்த அந்த ரோஸ்க்ரே மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்றேனும் தாய் அங்கே வரக்கூடும் என்ற எண்ணமாக இருக்கலாம்.

நூலுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு சிந்திக்கத்தக்கது. நூல் பெரும்பகுதி மகனின் அமெரிக்க வாழ்வைச் சொல்கிறது. தாய் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வருகிறார். படம் இதைத் தலைகீழாக்கித் தாயின் தேடலை நடுவில் வைக்கிறது. மகன் சில பழைய படச்சுருள்களாகச் சுருங்கிவிடுகிறார். இரண்டிலும் வளர்ப்புப் பெற்றோர் நிழல்களே. ஒருவரைக் காட்ட முற்பட்டால் மற்றவர் மறைகிறார் என்பது இப்பொருளில் எழுதுவோர்க்கெல்லாம் நேரும் இடர்ப்பாடு. படத்தின் இறுதியில் வரும் வாக்குவாதக் காட்சி கற்பனை. கன்னியர் அனைவரையும் ஒரே நிறத்தில் தீட்டும் போக்கும் அதில் உண்டு. இக்குறைகளைச் சுட்டுவதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆனால் குறைகளைச் சுட்டிவிட்டுக் கதையின் உண்மையிலிருந்து தப்பிக்க நமக்கு உரிமை இல்லை.

அந்த உண்மை என்ன? 1940-கள் முதல் 1970-கள் வரை இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட அயர்லாந்துக் குழந்தைகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். வளர்ப்புப் பெற்றோர் கத்தோலிக்க வாழ்வை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் என்பதற்குப் பங்குத்தந்தையின் சான்று வேண்டும். குழந்தைக்குக் கத்தோலிக்கக் கல்வி தருவதாக உறுதி வேண்டும். குழந்தையின் நம்பிக்கையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட நாம், குழந்தையைப் பெற்றவளின் கண்ணீரைப் பற்றி ஒரு படிவமும் தயாரிக்கவில்லை. அங்கே நம்பிக்கை இருந்தது, பங்கு என்னும் தோழமையும் இருந்தது. இரண்டும் இருந்தும் நீதி இல்லாமற்போக முடியும் என்பதே இக்கதை நமக்கு விடுக்கும் அறைகூவல்.

வியப்பு என்னவெனில், படத்தின் ஃபிலோமினா நம்பிக்கையை இழக்காதவர். உடன்வரும் செய்தியாளர் சினத்தில் கொதிக்கும்போது அவர் மன்னிக்கிறார். மன்னிப்பதை எளிது என்று அவர் எண்ணவில்லை என்பதையும் படம் காட்டுகிறது. நம்பிக்கையின் பெயரால் காயப்பட்டவரே அந்நம்பிக்கையை நமக்குக் காத்துத் தருகிறார். உண்மையான ஃபிலோமினா லீயைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2014 பிப்ரவரியில் சந்தித்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

நாம் வாசிக்க வேண்டிய விதம்

இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் என்று நாம் ஒதுங்க இயலாது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குழந்தைகள் அயல்நாட்டு இல்லங்களுக்குச் சென்றிருக்கின்றனர். இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளில் முறைகேடுகள் இருந்தன என்று நெதர்லாந்து அரசு அமைத்த குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. ஆதலால் இந்தியக் கிறிஸ்தவத் தம்பதியர் நெடுங்காலம், 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2006-ல் அதில் செய்த திருத்தமும்தான் எல்லாச் சமயத்தாருக்கும் தத்தெடுக்கும் கதவைத் திறந்தன. நெஞ்சில் பிள்ளையாகவும் ஏட்டில் அடைக்கலப் பொருளாகவும் குழந்தையை வளர்த்த குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. அவர்களுக்குத் தோழமை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

திருஅவை தத்தெடுப்பைப் போற்றியே வந்திருக்கிறது. 2000 செப்டம்பரில், அன்னை தெரேசாவின் அன்பின் பணியாளர் சபையார் கூட்டிய வளர்ப்புக் குடும்பங்களைச் சந்தித்த புனித இரண்டாம் யோவான் பவுல், தத்தெடுப்பைக் கொடைகளின் பரிமாற்றமாகக் கண்டார். கொடுப்பவரும் பெறுகிறார் என்பது அவர் கருத்து. இக்கருத்தை நாம் இன்னும் ஓரடி நீட்டிப் பார்க்கலாம். பரிமாற்றத்தில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் கொடுத்ததே பெரியது. அவருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது ஒன்றுமில்லை.

ஆகவே வளர்ப்புப் பெற்றோரின் சான்றுரைகளை நாம் வாசிக்காமல் விட வேண்டியதில்லை. வாசிக்கும்போது சிலவற்றைக் கேட்க வேண்டும். இந்நூலில் பெற்றவளுக்குப் பெயர் இருக்கிறதா? இறைவனின் திருவுளம் என்று சொல்லப்படுவது, ஆசிரியரின் விருப்பத்தை எங்கேனும் மறுத்துப் பேசியிருக்கிறதா, அல்லது எப்போதும் அதற்கு இசைந்தே பேசுகிறதா? தோழமைக் கூட்டத்தில் வளர்ந்த பிள்ளை எழுந்து தன் வலியைச் சொன்னால் கேட்பார் உண்டா? கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜேன் ஜியோங் டிரென்கா 2003-ல் தம் கதையைத் தாமே எழுதியது முதலாகப் பிள்ளைகளின் குரல் வலுத்திருக்கிறது. அயலவர்க்குக் குழந்தைகளை அனுப்புவதைச் சீனா 2024-ல் நிறுத்திவிட்டது. வேறு கதவுகளும் மூடி வருகின்றன. இனி இக்கிளையில் எழுதப் போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. பெற்றோர் எழுதியதைக் கண்ணீரோடு வாசித்த நாம், பிள்ளைகள் எழுதுவதையும் செவிசாய்த்து வாசிக்கக் கடன்பட்டவர்கள்.

விடுதலைப் பயண நூலுக்கே திரும்புவோம். பார்வோன் மகளை மறைநூல் குறைகூறவில்லை. அவள் இரக்கம் இல்லையேல் மோசே இல்லை. மோசே என்ற பெயரை வைத்தவளும் அவளே. ஆயினும் அதே அதிகாரம், மோசே வளர்ந்தபின் தம் இனத்தாரிடம் சென்றார் என்றும், அவர்களுடைய பாரச் சுமைகளைப் பார்த்தார் என்றும் தொடர்கிறது. அரண்மனையில் வளர்ந்த பிள்ளை அப்பாதையை மறக்கவில்லை. பால் குடித்த நாள்களில் அவன் அறிந்த பாதை அது; ஒரு சிறுமி முன்பு ஓடி ஓடித் திறந்து வைத்த பாதை.